கபிலனின் முழங்காலில் என் பங்கு

1

நான் ஏழாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமும் இல்லை. மொன்றியலில் வந்து இறங்கியபோது பிரெஞ்சில் ஒரு சொல் தெரியாது, இங்கிலிஷ் அரைகுறை, கையில் தொழில் என்று எதுவுமில்லை. ஒரு கிரேக்கனின் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவத் தொடங்கினேன். இன்று பார்க் எக்ஸ்ரென்ஷனில் என் பலசரக்குக் கடையில் நான்கு பேர் சம்பளத்துக்கு நிற்கிறார்கள். அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில்லில் மூன்று மாடி வீடு; கீழே நாங்கள், மேலே இரண்டு குடும்பங்கள் வாடகைக்கு. இரண்டு தங்கைமாரையும் மச்சானையும் பிள்ளைகளோடு இங்கே கூப்பிட்டுவிட்டேன். கோயில் மடப்பள்ளியில் எரிகிற பெரிய அடுப்பு நான் வாங்கிக் கொடுத்தது. எனக்குக் கடன் தரமாட்டேன் என்று சொன்ன வங்கி முகாமையாளர் இப்போது வெள்ளிக்கிழமைகளில் என் கடைக்கு வடை வாங்க வருகிறார். நல்ல வடையாகத் தெரிந்தெடுத்துத்தான் கொடுக்கிறேன்.

இதெல்லாம் ஊரில் பலருக்குத் தெரிந்த விஷயம். தெரியாதது ஒன்று இருக்கிறது. என் மகன் கபிலனின் வலது முழங்கால் இன்று ஓடுகிறதென்றால் அதற்கும் காரணம் நான்தான். டொக்டர் வெட்டினார், தைத்தார். அது அவருடைய வேலை, நன்றாகச் செய்தார். அந்தக் கால் டொக்டரிடம் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதைத்தான் ஒருவரும் கேட்பதில்லை.

போன வியாழக்கிழமை காலை, கடை திறந்து கொஞ்ச நேரம். காசுப் பெட்டியில் நிற்கிற ரஜனி பிரெஞ்சுப் பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். அவள் சின்ன வயதிலேயே இங்கே வந்து பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவள்.

"அண்ணை, இஞ்ச பாருங்கோ, எங்கட கபிலன்! அரைப் பக்கத்துக்குப் படம்!"

"வாசி பிள்ளை. விடாமல் வாசி."

வாசித்தாள். ஒரு வருஷத்துக்கும் மேல் ஆட முடியாமல் இருந்த சின்ன உருவப் பெடியன் திரும்பி வந்தான் என்று எழுதியிருந்தார்கள். யாருக்கெல்லாம் நன்றி சொல்கிறான் என்றும் போட்டிருந்தார்கள். சத்திரசிகிச்சை செய்த டொக்டர். உடற்பயிற்சி கொடுத்த பெண். கூட ஆடுகிற பெடியன்கள். அவனுடைய சிநேகிதி மெலனி. பிறகு தாய்.

"அம்மாவின்ர சூப்பைப் பற்றி ஒரு பந்தியே இருக்குதண்ணை."

"சூப்புக்கு ஒரு பந்தி. சூப்பைக் காரில கொண்டுபோய்க் குடுத்தவனுக்கு?"

ரஜனி மேலேயும் கீழேயும் தேடினாள். "உங்கட பேரைக் காணேல்லை அண்ணை. காரின்ர பேரும் இல்லை."

அரிசி வாங்க நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அன்று முழுக்க எனக்கு விலைகள் பிழைத்துக்கொண்டே இருந்தன. அதனால்தான் இதை எழுதுகிறேன். சண்டை ஓய்ந்து ஊருக்குப் பாதை திறந்திருக்கிற காலமிது. ஊர்ச் சங்கத்தின் மலர் உங்கள் கைக்கு ஒழுங்காக வந்து சேரும்.

2

முதலில் விளையாட்டைச் சொல்லவேண்டும். ஊரில் புட்போல் என்றால் காலால் அடிப்பது. இங்கே புட்போல் என்றால், இரண்டு பக்கமும் கூரான ஒரு பந்தைக் கையில் வைத்துக்கொண்டு எதிராளியின் எல்லைவரை போவது. தலையில் இரும்புக் கம்பி வைத்த தொப்பி, தோளில் பலகை மாதிரி ஒரு கவசம். பந்தைக் கக்கத்துக்குள் இடுக்கிக்கொண்டு அந்த மனிதக் கூட்டத்துக்குள் புகுந்து ஓடுகிறவனுக்கு ரன்னிங் பாக் என்று பெயர். கபிலன் அதுதான்.

அவன் உயரத்தில் என்னை மாதிரி. என்னைத் தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மற்றவர்கள் கடைகளில் அலுமாரி இருக்குமே, அந்த அளவு. அவர்களுக்கு நடுவில் இவன் போய் நின்றால் ஆரோ பிள்ளையைக் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள் என்றுதான் நினைப்பீர்கள். ஆனால் ஓடத் தொடங்கினால் பிடிக்க முடியாது. குனிந்து, நெளிந்து, கையிடுக்குகளுக்குள்ளால் போய்விடுவான்.

மொன்றியல் தீவின் மேற்கு நுனியில் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ என்ற இடத்தில் ஒரு கல்லூரி. வீட்டிலிருந்து பஸ், பிறகு இன்னொரு பஸ். விடியவே எழும்பி அவ்வளவு தூரம் போகிறானே, கணக்கியலில் என்ன ஆர்வம் என்று நான் கடையில் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். அங்கே போய் அவன் ஓடினான். படித்தான்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஓடுவதற்காகத்தான் போனான். எங்களுக்கு அது தெரிந்தபோது மொன்றியலின் தொழில்முறை அணி அவனைக் கூப்பிட்டுவிட்டது. அங்கே ஊரில் சமாதானப் பேச்சு தொடங்கின வருஷம் அது. அவன் தாய் பரமேஸ் இரண்டு செய்தியையும் ஒரே கடிதத்தில் தன் தமக்கைக்கு எழுதினாள்.

சேர்த்துக்கொண்டார்கள், ஆனால் பந்தைக் கொடுக்கவில்லை. இந்த நாட்டில் வளர்ந்தவர்கள் இத்தனை பேர் அணியில் இருக்கவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அவர்கள் கையில் பந்தைக் கொடுக்கவேண்டும் என்று சட்டமில்லை. பந்து அமெரிக்காவிலிருந்து வந்த பெடியனுக்கு. கபிலன் மைதான ஓரத்து வாங்கில், அந்த நீளப் பலகை இருக்கையில், இருப்பான். எப்போதாவது, எதிரணி உதைத்து அனுப்புகிற பந்தைப் பிடித்து ஓட அனுப்புவார்கள். ஒரு ஓட்டம், ஒரு விழுகை, திரும்ப வாங்கு. அவனுடைய சட்டையின் முதுகில் என் பெயர், மகாலிங்கம் என்று ஒரு தோளில் தொடங்கி மற்றத் தோளில் முடியும். அவன் வாங்கில் சாய்ந்திருந்தால் அதுவும் தெரியாது.

இரண்டாவது வருஷம் ஒருமுறை பரமேஸைக் கூட்டிக்கொண்டு போனேன். இலையுதிர்காலக் குளிர். முழு ஆட்டமும் அவள் ஆட்டத்தைப் பார்க்கவில்லை, வாங்கைப் பார்த்தாள்.

"இஞ்சரப்பா, இவனை ஏன் குளிருக்க இருத்தி வைச்சிருக்கினம்? வீட்டை இருந்தாலாவது சாப்பிடுவான்."

"பொறு. முறை வரும்."

"ரெண்டு வருஷமா முறை வரேல்லை. நீங்கள் ஒருக்காப் போய்க் கதைச்சால் என்ன?"

இதைக் குறித்துக்கொள்ளுங்கள். கதைக்கச் சொன்னது அவள். பத்திரிகையில் வந்திருப்பது அவளுடைய சூப்பு மட்டும்.

3

அந்தக் குளிருக்கு முன்பே, அதே இரண்டாவது வருஷக் கோடையில் எங்கள் வீட்டுக் குளிர்ப்பெட்டியில் தேங்காய்ப்பூ உருமாறத் தொடங்கியது. உறையவைத்த துருவல், தட்டையான பாக்கட்டில் வரும், கடையிலிருந்து நான்தான் கொண்டுவந்து அடுக்குவேன். பரமேஸ் சம்பலுக்கு எடுக்கப் போனால் பாக்கட் இருக்கும், ஆனால் தட்டையாக இருக்காது. வளைந்து, நடுவில் ஒரு குழியோடு, இளகித் திரும்பவும் உறைந்த மாதிரி. மின்சாரம் நின்றதோ, பெட்டி பழுதோ என்று நான் ஆளைக் கூப்பிட்டுப் பார்ப்பித்தேன். பெட்டியில் ஒரு குறையும் இல்லை.

ஒருநாள் மத்தியானம் கணக்குப் புத்தகத்தை மறந்துவிட்டு வீட்டுக்குத் திரும்பி வந்தேன். கபிலன் கீழறையில் படுத்திருந்து தொலைக்காட்சி பார்க்கிறான். வலது முழங்காலில் தேங்காய்ப்பூ பாக்கட், அதைச் சுற்றித் தாயின் பழைய சீலைத்துண்டு.

"என்னடா இது?"

"ஒண்டுமில்லை அப்பா. சும்மா ஐஸ்."

"விழுந்தனியோ?"

"எல்லாரும்தான் விழுகினம். இட்ஸ் ஃபுட்போல்."

அதற்குப் பிறகு கவனித்தேன். படி இறங்கும்போது பக்கவாட்டாக இறங்குவான். ஏறும்போது கை சுவரில் இருக்கும். ஆனால் ஒரு நாள்கூடப் பயிற்சியைத் தவறவிடவில்லை. எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. உண்மையைச் சொல்கிறேன், கவலையைவிடப் பெருமைதான் கூட. நான் கோப்பை கழுவின காலத்தில் கொதிதண்ணீர் கையில் ஊற்றி, தோல் உரிந்த கையோடு மறுநாளும் போய் நின்றேன். முதலாளி அதைப் பார்த்துத்தான் என்னைச் சமையலுக்கு மாற்றினார். நோவைப் பொறுத்துக்கொண்டு வேலைக்கு வருகிறவன் பெறுமதியானவன். இது எனக்குத் தெரிந்த வழி. அணியைப் பழக்குகிற கோச்சுக்கு இது தெரியாது, அதுதான் குறை என்று நினைத்தேன்.

ஆகவே அணியின் அலுவலகத்துக்குப் போனேன். நம் ஆட்கள் பெரிய இடத்துக்கு ஒரு காரியமாகப் போனால் வெறுங்கையோடு போவதில்லை. ஊரில் பள்ளிக்கூட அதிபரிடம் போனாலும் கிராம விதானையிடம் போனாலும் ஒரு சீப்புப் பழமாவது கையில் இருக்கும். நான் ஒரு பெட்டி மாம்பழம் எடுத்தேன், கடையில் அன்று வந்த நல்ல சரக்கு. பரமேஸ் ஒரு தகர ரின் நிறையப் பயித்தம்பணியாரம் சுட்டுத் தந்தாள். கல்யாணத்துக்குப் போடுகிற கோட்டைப் போட்டுக்கொண்டேன்.

வரவேற்பு மேசையில் இருந்த பெண் பெட்டியைப் பார்த்தாள். சாமான் இறக்குவது பின்வாசலால் என்று பிரெஞ்சில் சொன்னாள்.

"நான் சாமான் இறக்கிறவன் இல்லை. நான் கபிலன்ர தகப்பன்."

அவள் பெட்டியையும் கோட்டையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். நான் இருக்கவில்லை, நின்றேன். இருந்தால் மறந்துவிடுவார்கள்.

கோச் அமெரிக்கர். பெரிய உடம்பு, மெல்லிய குரல், நல்ல மனிதர். என் இங்கிலிஷ் கடை இங்கிலிஷ். விலை சொல்லவும் ஏசவும் நன்றி சொல்லவும் காணும். அன்று அதற்கு மேலும் வந்தது. மாம்பழம் ஒன்றை அங்கேயே வெட்டிக் கொடுத்தேன். சாப்பிட்டார். மிஸ்டர் மகா, இப்படி ஒரு பழம் நான் சாப்பிட்டதில்லை என்றார். பணியாரத்தையும் கடித்தார். சரி, நேரம் நல்லது என்று நான் தொடங்கினேன்.

என் மகனுக்குப் பந்தைக் கொடுங்கள் என்று கேட்டேன். அவன் சின்னவன்தான், ஆனால் அவனைப் போல உழைக்கிறவன் உங்களிடம் இல்லை என்றேன். எவ்வளவு உழைக்கிறான் தெரியுமா, முழங்கால் வீங்கிப்போய், சுவரைப் பிடித்துக்கொண்டு படி ஏறுகிறான், ஒவ்வொரு நாளும் ஐஸ் வைத்துக் கட்டுகிறான், என்றாலும் ஒரு நாள் தவறாமல் உங்களிடம் வருகிறான்; உங்கள் அமெரிக்கப் பெடியன் இதைச் செய்வானா என்று கேட்டேன்.

கோச் சாப்பிடுவதை நிறுத்தினார்.

"எந்த முழங்கால்?" என்று கேட்டார்.

"வலது," என்றேன். என் முழங்காலில் இடத்தையும் தொட்டுக் காட்டினேன்.

"எவ்வளவு காலமாக?"

"கோடை தொடங்கினதிலிருந்து. ஒரு முறைப்பாடும் இல்லை. நல்ல பெடியன்."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு எழும்பி, என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். காரியம் பலித்துவிட்டது என்று வழி முழுக்க விசிலடித்துக்கொண்டு கார் ஓட்டினேன்.

4

மறுநாளே ஸ்கான் எடுத்தார்கள். முழங்காலைப் பிடித்து வைத்திருக்கிற நடுச்சவ்வு பாதிக்கு மேல் கிழிந்திருந்தது. அந்த வருஷ ஆட்டம் அவனுக்கு முடிந்தது. அடுத்த வருஷ ஒப்பந்தம் பற்றிப் பிறகு பார்ப்போம் என்றார்களாம்.

அன்று பின்னேரம் கபிலன் கடைக்கு வந்தான். வீட்டுக்கு அல்ல, கடைக்கு. ஆட்கள் நின்றார்கள்.

"அப்பா, கோச்சிட்ட நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"உன்னைப் பற்றி நல்லாத்தான் சொன்னனான்."

"என்ர முழங்காலைப் பற்றிச் சொன்னனீங்களோ, இல்லையோ?"

"ஓம், சொன்னனான். நீ எவ்வளவு பொறுமைசாலி எண்டு காட்ட."

"நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை! டொக்டருக்கே சொல்லேல்லை! அந்த அமெரிக்கப் பெடியனுக்குத் தோள் நோ, அடுத்த கிழமை எனக்குத்தான் பந்து வரப்போகுது எண்டு எல்லாருக்கும் தெரியும். ரெண்டு வருஷம் வாங்கில இருந்து காத்துக்கொண்டிருந்தனான். ஹூ ஆஸ்க்ட் யூ?"

"அது ரகசியம் எண்டு எனக்கு ஆர் சொன்னது?"

அவன் நொண்டி நொண்டி வெளியே போனான். அன்றைக்கு அவன் நடையை மறைக்கவில்லை. அந்த வாரமே தன் துணிமணிகளை எடுத்துக்கொண்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம், லொங்குய்யில் மெலனியின் வீட்டுக்குப் போய்விட்டான். அணியில் பெடியன்கள் அவனை "மாம்பழம்" என்று கூப்பிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அதற்கு அவன் என்னை மன்னித்திருப்பான். மற்றதற்கு இல்லை.

சத்திரசிகிச்சையன்று பரமேஸும் நானும் போனோம். அங்கேயும் ஒரு சிக்கல். மேசையில் இருந்த பெண் என் அட்டையைப் பார்த்தாள், கணினியைப் பார்த்தாள். நோயாளியின் குடும்பப் பெயர் மகாலிங்கம், உங்களுடையது கணபதிப்பிள்ளை, நீங்கள் தகப்பன் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டாள். இந்த நாட்டில் எத்தனை வருஷமாக இந்த விளக்கத்தைச் சொல்கிறேன் என்று எனக்கே தெரியாது. எங்கள் ஆட்களில் பிள்ளை தகப்பனின் பெயரைப் பின்னால் போடுகிறது, தகப்பன் தன் தகப்பனுடையதைப் போடுகிறார், வம்சம் முழுக்க ஒரே பெயர் என்று எங்களுக்கு இல்லை என்றேன். அவளுக்கு விளங்கவில்லை.

"அம்மா, அவனுடைய குடும்பப் பெயரே நான்தான்," என்றேன். பக்கத்தில் இருந்த தாதி சிரித்துவிட்டாள், உள்ளே விட்டார்கள்.

எல்லாம் முடிந்து டொக்டர் வெளியே வந்தபோது கபிலன் மயக்கத்தில் இருந்தான். டொக்டர் எங்கள் இருவருக்கும்தான் சொன்னார். சவ்வைத் திருத்தியாகிவிட்டது, உள்ளே குருத்தெலும்பு தப்பியிருக்கிறது என்றார். நல்ல வேளை, இந்தக் காலோடு அவன் முழு ஆட்டம் ஆடியிருந்தால் ஒரு திருப்பத்திலேயே எல்லாம் சேர்ந்து போயிருக்கக்கூடும், பிறகு நடக்கலாம், இப்படி ஓட முடியாது என்றார். பரமேஸ் பக்கத்தில் நின்று கேட்டாள். வேண்டுமானால் அவளைக் கேளுங்கள்.

5

அந்தக் குளிர்காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கபிலன் முதலில் ஊன்றுகோலோடு நின்றான். பிறகு ஓடாத சைக்கிளை மிதித்தான், தண்ணீருக்குள் நடந்தான், ஒற்றைக் காலில் நின்று பந்து பிடித்தான். காலை மடக்க வைக்கும்போது கத்துவானாம். தொடை மெலிந்து என் கைபோல வந்துவிட்டது என்று பரமேஸ் வந்து சொல்லுவாள். எல்லாம் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஆட்டுக்கால் சூப்பு அவள் வைத்தாள். எலும்பு என் கடை எலும்பு. சூப்புச் சட்டியை மெட்ரோவில் கொண்டுபோனால் சிந்தும் என்று நான் காரில் பாலத்தைக் கடந்து கொண்டுபோவேன். மெலனியின் வீடு மாடியில். பரமேஸ் மேலே போவாள். நான் கீழே காரில் இருப்பேன். அவன் என்னை வரவேண்டாம் என்று சொன்னதில்லை. வாங்கோ என்றும் சொன்னதில்லை. கூப்பிடாத வீட்டுக்குப் போகிற பழக்கம் எனக்கில்லை.

கண்ணாடி உறையாமல் இருக்க என்ஜினை ஓடவிட்டுக்கொண்டு இருப்பேன். ஒருநாள் மெலனி கோட்டைக்கூடப் போடாமல் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டினாள். நல்ல பிள்ளை. கையில் கோப்பி.

"பப்பா, மேல வாங்கோ," என்றாள் தமிழில். பரமேஸ் சொல்லிக் கொடுத்திருக்கவேண்டும்.

"அவன் சொன்னவனோ?" என்று என் கடை இங்கிலிஷில் கேட்டேன்.

அவள் தோளைக் குலுக்கினாள். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. கோப்பியைக் குடித்துவிட்டுக் கோப்பையைத் திருப்பிக் கொடுத்தேன்.

திரும்பி வரும்போது பரமேஸிடம் கேட்டேன்: "டொக்டர் சொன்னதை அவனுக்குச் சொன்னனீரோ?"

"சொன்னனான்."

"என்ன சொன்னவன்?"

"சூப்புக்கு உப்புக் காணாதாம்."

6

வசந்தத்தில் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார்கள், குறைந்த நாளுக்கு. கோடை முழுக்க வாங்கு, திரும்பவும். போன ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு மழை. அமெரிக்கப் பெடியனுக்கு ஈரத்தில் பந்து வழுக்கிக்கொண்டே இருந்தது. கோச் திரும்பிப் பார்த்துக் கையைக் காட்ட, கபிலன் தொப்பியைப் போட்டுக்கொண்டு எழும்பினான்.

நான் மேலே, மலிவான இருக்கைகளில். பரமேஸ் வரவில்லை, வீட்டில் விளக்கேற்றிக்கொண்டிருந்தாள். முதல் ஓட்டத்தில் உடனே பிடித்துவிட்டார்கள். இரண்டாவதில் கொஞ்சத் தூரம். மூன்றாவதில் அலுமாரிகளின் பின்னால் ஒளிந்து நின்று, ஒரு இடைவெளி தெரிந்ததும் வலது காலை ஊன்றித் திரும்பினான். அந்தக் காலைத்தான். கால் தாங்கியது. அவன் ஓடினான், ஓடி, எல்லைக்குப் பக்கத்தில் மூன்று பேர் சேர்ந்துதான் விழுத்தினார்கள். எழும்பி, பந்தை நடுவரிடம் கொடுத்துவிட்டு, நேராக நடந்து வந்தான். நேராக. அன்று அவன் ஓடினது பெரிய சாதனை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஆட்டம் முடியும்வரை பந்து அவனுக்குத்தான் வந்தது.

அதற்குப் பிறகுதான் அந்தப் பத்திரிகை. ரஜனி வாசித்து முடிந்த அன்று இரவு பொறுக்கமுடியாமல் அவனுக்குத் தொலைபேசி எடுத்தேன். ஒரு வருஷத்தில் நான் எடுத்த முதல் தொலைபேசி.

"பேப்பரில எல்லாற்ற பேரும் இருக்கு. என்ர பேர் எங்கை?"

பின்னால் கேட்ட தொலைக்காட்சியை நிறுத்தினான்.

"நீங்கள் என்னைக் காட்டிக் குடுத்தனீங்கள் அப்பா. காப்பாத்தேல்லை. காப்பாத்த எண்டு நீங்கள் போகேல்லை."

"எதுக்குப் போனால் என்ன? முழங்கால் இருக்குதோ இல்லையோ?"

"இருக்கு."

"நான் போகாமல் இருந்திருந்தால்?"

அவன் தொலைபேசியை வைக்கவில்லை. பிறகு, ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வாறன், அம்மாட்டச் சொல்லுங்கோ என்றான்.

இனி என் கோரிக்கை. ஊரில் கபிலனைப் பற்றிக் கதைக்கிறவர்கள் இதைச் சேர்த்துக் கதையுங்கள். மலரில் இதைப் போடுகிறவர்கள் என் பெயரைத் தலைப்புக்குக் கீழேயே போடுங்கள், கடைசியில் வேண்டாம். மெலனியும் அந்த உடற்பயிற்சிப் பெண்ணும் செய்ததை நான் குறைக்கவில்லை. டொக்டருக்குப் பெரிய கும்பிடு. ஆனால் அந்தக் காலில் கத்தி வைக்கப்பட்டதற்குக் காரணமானவன் மாம்பழப் பெட்டியோடு போனவன். நல்ல எண்ணத்தோடு போனவன். என்ன எண்ணி எதைச் சொன்னேன் என்பது வேறு கணக்கு. அதை அவனும் நானும் பார்த்துக்கொள்வோம்.

கபிலனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஞாயிறு அவன் வந்து சாப்பிட உட்கார்ந்ததும் பரமேஸ் இதை அவனுக்கு வாசித்துக் காட்டுவாள். எந்த இடத்திலும் பக்கத்தைத் தாண்டக்கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஆகவே மகனே, உனக்கும் சேர்த்தே எழுதுகிறேன். பத்திரிகையைத் திருத்தச் சொல்லி நான் கேட்கவில்லை. எங்கள் சாப்பாட்டு மேசையில், உன் தாய்க்கும் அந்தப் பிள்ளை மெலனிக்கும் முன்னால், அப்பா போய்க் கதைச்சதாலதான் என்ர கால் தப்பினது என்று ஒரு முறை சொல். பிரெஞ்சில் சொன்னாலும் எனக்கு விளங்கும்.